ஹார்ட் டிஸ்க் மாட்டினால் வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது – ராயபுரம்

12 ஜூலை 2025, சனி மாலை – கேள்வி

அண்ணே, வீடு சென்னை ராயபுரம். அசெம்பிள் சிஸ்டம், விண்டோஸ் 10. கீபோர்டும் மவுஸும் வயர்லெஸ், இரண்டுக்கும் சேர்த்து ஒரே டாங்கிள் (யுஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர்). சும்மா பிரவுசிங் பண்ணும்போது ஒன்றும் இல்லை. கல்யாண வீடியோவை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஏற்ற ஆரம்பித்தால் போதும், அம்புக்குறி நின்று நின்று குதிக்கிறது. கீபோர்டில் ஒரு தடவை தட்டினால் அதே எழுத்து வரிசையாக விழுகிறது, இல்லாவிட்டால் விழுவதே இல்லை. வாங்கிய கடையில் மவுஸ் போயிடுச்சு என்றார்கள். புதுசு வாங்கினேன், அதுவும் அதே கதை. டிரைவர் அப்டேட், வைரஸ் ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நம்ம ஏரியாவுக்கே வயர்லெஸ் ஒத்துவராது. ஒரு பக்கம் ஹார்பர் ராடார், ஒரு பக்கம் காசிமேட்டு போட்டுகளின் வயர்லெஸ், மொட்டைமாடிக்கு மொட்டைமாடி செல்போன் டவர். பேசாமல் கம்பி மவுஸுக்கே போய்விடலாமா?

12 ஜூலை, இரவு

தம்பி, ஹார்பரை விட்டுவிடுங்கள், பாவம். கப்பல் ராடார் 9.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்வது, பெரிய கப்பல்களில் கூடுதலாக 3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஒன்று இருக்கும். மீன்பிடி போட்டுகளில் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் செட் 156 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். உங்கள் மவுஸ் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸில். செல்போன் டவரில் மட்டும் கொஞ்சம் கிட்டே வருகிற ஒன்று உண்டு: 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 4ஜி அலைவரிசை. மவுஸின் இடம் 2400இல் தொடங்குகிறது, பக்கத்து வீடுதான். ஆனால் டவர் காரணம் என்றால் மவுஸ் நாள் முழுக்கத் திக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கில் ஃபைல் ஏற்றும்போது மட்டும் திக்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதில் அந்த வரியிலேயே இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் மாட்டியிருப்பது நீல நிற யுஎஸ்பி போர்ட்டிலா? டாங்கிள் அதற்குப் பக்கத்திலேயே செருகியிருக்கிறதா? சிபியு மேஜைக்கு அடியில், பின்பக்கம் சுவரைப் பார்த்தபடியா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் புது மவுஸுக்குக் கொடுத்த காசு வீண்.

ஒரு சோதனை செய்யுங்கள். பெரிய ஃபைல் ஒன்றை ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி போட்டுவிட்டு மவுஸை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். திக்க ஆரம்பித்ததும் காப்பியைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். சரியாகிவிட்டால் மறுபடி ஓடவிடுங்கள். இதோடு சேர்ந்து மவுஸும் ஏறி இறங்கினால் குற்றவாளி பிடிபட்டார். அப்புறம் டாங்கிளை மட்டும் பிடுங்கி முன்பக்க போர்ட்டில் போட்டு, அதே காப்பியை மறுபடி ஓட்டுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். டிரைவர், போர்ட், பேட்டரி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரி செய்தது என்று கடைசிவரை தெரியாது.

13 ஜூலை, காலை

ஏன் இப்படி என்று உள்பெட்டியில் கேட்டவருக்கு. யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவல் அனுப்புகிறது. அந்த வேகத்தில் மின்துடிப்பு ஓடும்போது கேபிளிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் கசியும் ரேடியோ இரைச்சல் அகலமாகப் பரவி 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஒரு வெள்ளையறிக்கை வெளியிட்டது, அதில் வயர்லெஸ் மவுஸை வைத்தே சோதித்துக் காட்டியிருந்தார்கள். டாங்கிளுக்குள் இருப்பது நகத்தளவு ஆன்டெனா. மவுஸிலிருந்து வரும் சிக்னலோ மிகக் குறைந்த சக்தி. இரண்டு விரல் தள்ளி இரைச்சல் எழுந்தால் அது மூழ்கிப்போகும்.

எழுத்து வரிசையாக விழுவதும் இதனால்தான். விசையை அழுத்தினேன் என்று ஒரு செய்தி, விட்டுவிட்டேன் என்று இன்னொரு செய்தி. இரண்டாவது வழியில் தொலைந்தால் நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும்.

13 ஜூலை, மாலை

தம்பி சோதித்துவிட்டார். காப்பியை நிறுத்தினால் மவுஸ் ஓடுகிறது. முன்பக்கம் மாற்றியதில் குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை என்கிறார். முன்பக்கப் போர்ட்டும் நீலம்தானாம், ஒட்டினாற்போல் பென்டிரைவ் ஒன்று தொங்குகிறதாம்.

நீலம் என்றால் 3.0, கறுப்பு அல்லது வெள்ளை என்றால் 2.0 என்பது பெரும்பாலும் சரி. ஆனால் நிறத்தைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில போர்டுகளில் சிவப்பு, பச்சை எல்லாம் போடுகிறார்கள், சில கேபினெட்களில் நிறமே இருக்காது. போர்ட் பக்கத்தில் இரண்டு எஸ் சேர்த்துப் போட்ட முத்திரை இருந்தால் 3.0 வகை.

ஹார்ட் டிஸ்கை 2.0 போர்ட்டில் மாட்டு என்று சிலர் சொல்வார்கள். இரைச்சல் போகும், உண்மை. கூடவே வேகமும் போகும். 2.0இல் நொடிக்கு 40 எம்பி தாண்டுவதே கஷ்டம். கல்யாண வீடியோ ஏற்றுகிறவருக்கு அது தண்டனை. நகர வேண்டியது டாங்கிள்தான். யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று, சாதாரண 2.0 போதும், ஒரு மீட்டர் நீளம். ஒரு முனையைப் பின்னால் மாட்டி, மறுமுனையை மேஜைமேல் கொண்டுவந்து, டாங்கிள் மவுஸைப் பார்க்கும்படி வையுங்கள். மானிட்டர் காலில் ஒரு டேப் போட்டு ஒட்டிவிட்டால் போதும். நூறு இருநூறு ரூபாயில் முடிகிற வேலை.

14 ஜூலை

கேபிள் வாங்கி மாட்டியாயிற்று, 60 ஜிபி ஏற்றும்போதும் மவுஸ் அசையாமல் ஓடுகிறது, அதாவது அசைத்தால் அசைகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். சந்தோஷம். பழைய மவுஸை வெளியே எறியாதீர்கள், அது நல்ல மவுஸ்.

இதே சாக்கில் ஒன்று. காப்பியெல்லாம் இல்லை, ஆனால் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டுத் தொட்டால் மவுஸ் விழிக்க இரண்டு மூன்று விநாடி ஆகிறது என்றால் அது இந்த வியாதி இல்லை. விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க அந்த யுஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதியில், இந்தச் சாதனத்தை அணைக்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதி என்று இருக்கும் டிக்கை எடுங்கள். லேப்டாப்பில் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். வீட்டு சிஸ்டத்துக்கு அந்தக் கவலை இல்லை.

19 ஜூலை, சனி

வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். புது கம்ப்யூட்டர், மதர்போர்டிலேயே வைஃபையும் புளூடூத்தும் இருக்கிறது. ஹெட்செட் போட்டுக்கொண்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தாலே பாட்டு அறுந்து அறுந்து வருகிறதாம். பத்து மீட்டர் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்கிறார்.

அக்கா, சிபியுவின் பின்பக்கம் பாருங்கள். மறை வெட்டிய பித்தளை நிறக் குமிழ் இரண்டு துருத்திக்கொண்டு இருக்கும். அதில் எதுவும் மாட்டியிருக்கிறதா?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் மச்சான் வீட்டில் இதே புகார். ஹெட்செட்டைச் சந்தேகப்பட்டு மாற்றினான், விண்டோஸை மறுபடி போட்டான், சிஸ்டம் செய்து கொடுத்தவரோடு போனில் சண்டையும் போட்டான். நான் போய்ப் பின்னால் டார்ச் அடித்தால் இரண்டு குமிழும் மொட்டையாக நிற்கிறது. ஆன்டெனா எங்கே என்றேன். என்ன ஆன்டெனா என்றான். பரண்மேல் மதர்போர்டு பெட்டி, அதற்குள் பில், சாட்டா கேபிள், ஒரு ஸ்டிக்கர், எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் உறை கிழிக்காமல் ஆன்டெனா. வைஃபைக்குத்தானே ஆன்டெனா, நான் நெட்டுக்கு கேபிள்தான் போட்டிருக்கிறேன் என்பது அவன் வாதம். புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். ஒரே கார்டில் இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. ஆன்டெனா இல்லாவிட்டால் ஓர் எட்டு தூரத்துக்கு மேல் நம்ப முடியாது, அதுவும் சிக்னல் சுற்றிலும் இரும்புத் தகடு போட்ட கேபினெட்டுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும்.

கையால் திருகினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். இறுக்கி மறையைக் கெடுத்துவிடாதீர்கள். கம்பி வைத்த ஆன்டெனா என்றால் மேஜைமேல் கொண்டுவந்து வையுங்கள். குச்சி மாதிரி நேராக நிற்பதென்றால் சிபியுவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுங்கள்.

20 ஜூலை

அக்காவின் பதில்: பெட்டியே இல்லை, எடைக்குப் போட்டாயிற்று. போகட்டும், ஆன்டெனா தனியாகக் கிடைக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். குமிழைப் போனில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகை உண்டு, நடுவில் ஊசி இருப்பது ஒன்று, துளை இருப்பது ஒன்று. கம்ப்யூட்டர் வைஃபைக்கு வழக்கமாக வருவது ஆர்பி-எஸ்எம்ஏ என்ற வகை. தவறான வகையும் திருகினால் ஏறுவதுபோல் இருக்கும், ஆனால் உள்ளே சரியாகச் சேராது.

20 ஜூலை, இரவு

அதே ஹெட்செட் பற்றி அக்காவின் இரண்டாவது கேள்வி. பாட்டு கேட்கும்போது அருமையாக இருக்கிறது, மீட்டிங்கில் சேர்ந்தால் எல்லார் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆன்டெனா போட்டால் இதுவும் சரியாகுமா?

ஆகாது. இது கோளாறே இல்லை. வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. பாட்டு வழியில் ஸ்டீரியோ தரமாக வரும், ஆனால் அதில் மைக் கிடையாது. ஏதாவது ஒரு செயலி ஹெட்செட் மைக்கைத் திறந்த உடனே விண்டோஸ் பேச்சு வழிக்கு மாறிவிடும். அங்கே ஒற்றை ஒலி, அதுவும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள் மட்டும். பாட்டுக்கு 44,100. வித்தியாசம் காதில் அடிக்கத்தான் செய்யும்.

வழி எளிது. மீட்டிங் செட்டிங்கில் ஸ்பீக்கர் ஹெட்செட்டாக இருக்கட்டும், மைக் மட்டும் வெப்கேமராவினுடையதோ தனி மைக்கோ தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் மைக்கை யாரும் திறக்காத வரை பாட்டு வழி நிலைக்கும். எல்இ ஆடியோ என்று புதிதாக வந்திருப்பதில் இரண்டும் ஒன்றாக ஓடும், ஆனால் கம்ப்யூட்டர், ஹெட்செட் இரண்டுமே அதற்கு ஒத்துவர வேண்டும். அதற்காக இப்போதே புதுசு வாங்க வேண்டாம்.

26 ஜூலை

சின்னச் சின்னதாக வந்தவை, ஒரே மூச்சில்.

கொருக்குப்பேட்டைக்காரர்: மவுஸுக்கு அடியில் இருக்கும் ஆன் பொத்தான் பைக்குள் போகும்போது தள்ளுபட்டு ஆஃப் ஆகியிருந்தது. எழுதிவிட்டு அவரே சிரித்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று விளக்கு எரிந்தால் அது மூன்று கம்ப்யூட்டருக்கு மாறி மாறிப் போகும் மவுஸ். குழந்தை 2ஐ அமுக்கியிருந்தால் 1இல் தேடிப் பயனில்லை.

கண்ணாடி மேஜையில் மவுஸ் நகரவில்லை என்பவருக்கு: கனெக்ஷன் இருக்கிறது, பார்வைதான் இல்லை. கிளிக் வேலை செய்கிறதா பாருங்கள். செய்தால் அடியில் ஒரு பழைய காலண்டர் அட்டையைப் போடுங்கள்.

ரீசார்ஜபிள் செல் போட்டதிலிருந்து பேட்டரி குறைவு என்று காட்டுகிறதா? சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜபிள் 1.2 வோல்ட். மவுஸ் வோல்ட்டை வைத்துத்தான் கணிக்கிறது. காட்டட்டும், ஓடுகிற வரை ஓட்டுங்கள்.

3 ஆகஸ்ட், ஆடி ஞாயிறு

தெருமுனையில் கூழ் ஊற்றுகிறார்கள், ஸ்பீக்கர் ஜன்னலுக்கு நேராக. இந்த நேரத்தில் ராயபுரத்துத் தம்பி மறுபடி வந்து, கோயில் மைக்செட் போட்ட நாளெல்லாம் என் வைஃபை படுக்கிறது, இப்போதாவது ஏரியா காரணம் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

ஸ்பீக்கர் பெட்டியும் ஆம்ப்ளிஃபையரும் 2.4இல் ஒன்றும் செய்யாது. கார்ட்லெஸ் மைக் பெரும்பாலும் யுஎச்எஃப் வகை, சில நூறு மெகாஹெர்ட்ஸ், நமக்குத் தொந்தரவில்லை. 2.4இலேயே வேலை செய்யும் கார்ட்லெஸ் மைக்கும் விற்கிறார்கள், அதுவாக இருந்தால் கொஞ்சம் உரசலாம். ஆனால் திருவிழா அன்று வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்? சொந்தக்காரர் வந்திறங்கினால் ஆளுக்கொரு போன், எல்லாம் அதே ரூட்டரில். அம்மன் மேல் பழி போடுவதற்கு முன் சித்தப்பா பையன்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று விசாரியுங்கள்.

ஏரியா காரணம் என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை இரவு எழுதுகிறேன், இப்போது கூழ் கூப்பிடுகிறது.

3 ஆகஸ்ட், இரவு

2.4 என்று நாம் சொல்லும் இடம் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். இந்தியாவில் 2005இலிருந்து இதை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். வைஃபை, புளூடூத், மவுஸ், கீபோர்டு எல்லாம் இதற்குள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45இல்தான் சுடவைக்கிறது.

வைஃபை ஒரு சேனலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் எடுக்கிறது. சேனல் எண் 1 முதல் 13 வரை இருந்தாலும் ஒன்றோடொன்று உரசாமல் உட்காரக்கூடியவை 1, 6, 11 மூன்றுதான். இப்போது நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் சுவரும் சுவரும் ஒட்டிய வீடு, ஒரு வீட்டுக்குள் மூன்று குடித்தனம், குடித்தனத்துக்கு ஒரு ரூட்டர். என் வீட்டு நடு அறையில் நின்று போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் உருட்டிக்கொண்டே போகலாம். பாதிப் பேர் கம்பெனி வைத்த பெயரையே மாற்றவில்லை. தனி பங்களாக்காரருக்கு இந்தப் பிரச்சினை தெரியாது. தம்பி சொல்வது அந்த அளவில் சரி: ஏரியா கெட்டது ஹார்பரால் அல்ல, நம் ரூட்டர்களால்.

புளூடூத் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறது. அதே இடத்தை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 துண்டாகப் பிரித்து, பாட்டு அனுப்பும்போது நொடிக்கு 1,600 தடவை வரை துண்டு மாறிக்கொண்டே போகும். 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, கூட்டமான துண்டுகளைத் தெரிந்துகொண்டு விலக்கவும் செய்கிறது. ஒரு வைஃபை சேனல் இருபது துண்டை மூடும். மூன்று சேனலும் நிரம்பி வழிந்தால் ஒதுங்கத் திண்ணையே இருக்காது. அதிலும் உங்கள் ரூட்டரில் 2.4க்கு 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று வைத்திருந்தால் நீங்களே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஹெட்செட்டைத் திட்டுகிறீர்கள். அதை 20க்கு இறக்குங்கள்.

அப்புறம் முக்கியமானது: கம்ப்யூட்டரின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே இடம் தாராளம். 2.4ஐ மவுஸுக்கும் ஹெட்செட்டுக்கும் விட்டுக்கொடுங்கள். வைஃபையும் புளூடூத்தும் ஒரே கார்டில் ஒரே ஆன்டெனாவைப் பங்கு போடுவதால், வைஃபை 2.4இல் பெரிய டவுன்லோடு இழுக்கும்போது பாட்டு அறுவதும் இதோடு நிற்கும்.

5 ஆகஸ்ட்

மேலே 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கள் என்று எழுதியதற்கு ஒரு வாசகர் சரியான ஆட்சேபம் கிளப்பியிருக்கிறார். அவருடையது பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு, ஒன்றரை அடி கனம். ரூட்டர் வாசல் பக்கம், கம்ப்யூட்டர் பின்கட்டில். 5 அங்கே வந்து சேரவே இல்லை.

ஆமாம், 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டுவதில் 2.4ஐ விட மட்டம். அவர் வீட்டில் இடையில் இரும்பு பீரோ வேறு நிற்கிறது, அதற்குள் எதுவும் நுழையாது. அப்படிப்பட்ட வீட்டில் ரூட்டரை நடுக்கூடத்துக்கு நகர்த்த முடியுமா பாருங்கள். ஃபைபர் கேபிள் வாசலோடு நிற்கிறது என்றால் அங்கிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளைக் கதவு நிலை ஓரமாக இழுத்துக் கம்ப்யூட்டருக்கே நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். மேஜையில் ஓர் இடத்தில் உட்கார்ந்த சிஸ்டத்துக்கு வைஃபை எதற்கு என்பது என் கட்சி. இழுக்க முடியாதவர்கள் 2.4இலேயே இருங்கள், சேனலை மட்டும் மாற்றிப் பாருங்கள். ரூட்டரில் ஆட்டோ என்று இருந்தால் பல ரூட்டர்கள் ஆன் ஆகும்போது ஒரு தடவை பார்த்துச் சேனல் எடுத்துவிட்டு அப்படியே இருந்துவிடும். மதியம் காலியாக இருந்த சேனல் ராத்திரி ஒன்பது மணிக்குக் காலியாக இருக்காது. ராத்திரி ஒரு தடவை ரூட்டரை அணைத்துப் போட்டால் சில நேரம் நெட் நன்றாக வருவதன் ரகசியம் இது.

17 ஆகஸ்ட்

பெரம்பூரிலிருந்து: நேற்றுவரை இருந்த புளூடூத் பொத்தானே செட்டிங்கில் காணோம். ஆன் ஆஃப் எதுவும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43 என்கிறது. கார்டு எரிந்துவிட்டதா?

எரிந்திருக்கலாம், ஆனால் முதலில் முழுதாக அணையுங்கள். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணைவதில்லை. விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு, உள்ளே இருக்கும் நிலையைப் பத்திரப்படுத்திவிட்டுத் தூங்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால் ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கும். கொஞ்சம் விட்டு மறுபடி போடுங்கள். யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் சுவர் சுவிட்சை அணைத்து ஏமாற வேண்டாம், யுபிஎஸ் மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

காரணம்: ஷட்டவுன் ஆன சிஸ்டத்திலும் அந்தக் கார்டுக்கு மெல்லிசாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஒரு தடவை குழம்பியது, மின்சாரம் அறுபடாததால் நாள் கணக்கில் குழம்பியே இருக்கும். நம் ஏரியாவில் அரை விநாடி கரண்ட் போய் வருகிற பழக்கம் இதற்கு நல்ல தீனி.

18 ஆகஸ்ட்

பெரம்பூர்க்காரருக்குப் பொத்தான் திரும்பி வந்துவிட்டது. கார்டு வாங்க ஆர்டர் போட்டதைக் கேன்சல் பண்ணினாராம்.

30 ஆகஸ்ட்

காசிமேட்டிலிருந்து ஒருவர் டாங்கிளின் படம் போட்டிருக்கிறார். தகரம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு, உள்ளே தங்கநிற நாலு பட்டையில் இரண்டின்மேல் பச்சை படிந்திருக்கிறது. லேசாக ஆட்டினால் கனெக்ட் ஆகிறது, விட்டால் போகிறது.

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள் சாஃப்ட்வேரைத் தொடும் முன் இதைப் பாருங்கள். உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிற வேகம் தெரியும்தானே, போர்ட்டை மட்டும் விட்டுவைக்குமா? ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு பட்டையைத் துடையுங்கள், காய்ந்த பின் மாட்டுங்கள். ரொம்பப் படிந்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்க்கலாம், துகளை ஊதிவிட வேண்டும். உப்புத்தாள் கூடாது, தங்கப் பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே மறுபடி பச்சை. போர்ட் உள்ளேயும் அதே நிலைமை என்றால் பயன்படுத்தாத இன்னொரு போர்ட்டுக்கு மாறுங்கள். காலியாக இருக்கும் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி கிடைக்கிறது.

அவர் கூடவே வாங்கிய மலிவு புளூடூத் டாங்கிள் பற்றியும் கேட்டிருக்கிறார். நடைபாதைக் கடை, பெட்டியில் சிஎஸ்ஆர் சிப், 4.0 என்று அச்சடித்திருக்கிறது, மாட்டினால் கோட் 10, சாதனம் தொடங்கவில்லை. சிஎஸ்ஆர் என்பது உண்மையான கம்பெனி, 2015இல் குவால்காம் வாங்கிவிட்டது. அதன் சிப்புக்கு உலகம் முழுக்கப் போலி ஏராளம். போலி சிப் தன்னை சிஎஸ்ஆர் என்று சொல்லிக்கொள்ளும், சிஎஸ்ஆர் செய்கிற எல்லாம் செய்யத் தெரியாது. இவற்றைச் சமாளிக்கவே லினக்ஸில் தனியாகக் குறியீடு எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். விண்டோஸில் டிரைவர் தேடி ராத்திரியைத் தொலைக்க வேண்டாம். பில்லோடு கிடைக்கும் ஒன்றை வாங்குங்கள், மாற்றவாவது முடியும்.

14 செப்டம்பர்

திருவொற்றியூர் டீச்சர் ஒருவருக்கு. டியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் எடுக்க வைஃபை பிரின்டர் வாங்கியிருக்கிறார். ரூட்டர் அணைந்து வந்த நாளெல்லாம் கம்ப்யூட்டர் பிரின்டரை ஆஃப்லைன் என்கிறது, போனிலிருந்து மட்டும் பிரின்ட் வருகிறது. ஒவ்வொரு தடவையும் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறாராம்.

டீச்சர், போனிலிருந்து வருகிறது என்றால் பிரின்டரும் வைஃபையும் நலம். ரூட்டர் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் ஐபி எண் கொடுக்கிறது. அணைந்து வந்தால் எண்ணை மாற்றிக் கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும், யாரும் திறக்கவில்லை என்றதும் ஆஃப்லைன். ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே பிரின்டரைத் தேர்ந்தெடுத்து ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் கடைசியாக ஒரு தடவை, அந்த ஐபி எண்ணைக் கையால் கொடுத்துப் பிரின்டரைச் சேருங்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க. பல வீட்டுப் பிரின்டர்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், ஆகவே ரூட்டரில் 2.4ஐ மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் 5இலும் பிரின்டர் 2.4இலும் இருந்தாலும் ஒரே ரூட்டர் என்றால் பேசிக்கொள்ளும். ஆனால் கம்ப்யூட்டர் விருந்தினருக்கென்று தனியாக வைக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் பேசாது, அது வேண்டுமென்றே போட்ட தடுப்பு. டியூஷன் பிள்ளைகளுக்குக் கெஸ்ட் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, தெரியாமல் கம்ப்யூட்டரையும் அதிலேயே சேர்த்திருக்கிறீர்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

15 செப்டம்பர்

டீச்சர் கெஸ்ட்டில் இல்லை. எண்ணை ஒதுக்கியாயிற்று. அடுத்த தடவை கரண்ட் போகட்டும், அப்போது தெரியும் என்கிறார். அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ரூட்டரைக் கையால் அணைத்துப் பார்க்கலாமே என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனை.

18 அக்டோபர், சனி

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு இம்மாதம் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தீபாவளி லீவில் 11 போடப்போகிறேன், வயர்லெஸ் எல்லாம் போய்விடுமா என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள்.

இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் 11க்கு முறைப்படி இடம் உண்டு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதற்கு முந்திய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை 10இலேயே ஓட்டலாம். அவசரப்பட்டு சிஸ்டத்தை எடைக்குப் போடாதீர்கள்.

போடுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடும்போது உங்கள் வைஃபை கார்டுக்கான டிரைவர் விண்டோஸில் இல்லாமல் போகலாம். அது நெட்டைக் கேட்கும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும், டிரைவருக்கு நெட் வேண்டும், நீங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள். மதர்போர்டு கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்து வைஃபை, புளூடூத் டிரைவர் இரண்டையும் முன்கூட்டியே பென்டிரைவில் இறக்கி வையுங்கள். புளூடூத் மவுஸ், கீபோர்டு வைத்திருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டில் ஒரு கம்பி மவுஸும் கீபோர்டும் இரவல் வாங்குங்கள். விண்டோஸ் ஏறி டிரைவர் போடும் வரை புளூடூத் விழிக்காது. யுஎஸ்பி டாங்கிள் வகைக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அது சாதாரண யுஎஸ்பி மவுஸாகவே தெரியும்.

டிரைவர் இறக்க மறந்துவிட்டால் ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் மாட்டி, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் அதை நெட்வொர்க் கேபிளாக எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டே கேபிள் வழியாக வரும், டேட்டா செலவும் ஆகாது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் இது நடக்காது, போனோடு வந்த கேபிளை எடுங்கள்.